ரேஸிங் கேமில் டயரும் வீலும் மாற்றினால் கார் எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரான் டூரிஸ்மோ 7, ஃபோர்ஸா ஹொரைசன் 5, அசெட்டோ கோர்ஸா குடும்பம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற கேம்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்ஜினில் காசைக் கொட்டுவதற்கு முன் டயரைப் பாருங்கள். டயரைப் பார்க்கும்போது மொத்தப் பிடிமானம் எவ்வளவு என்பதோடு, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

கேமில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

டயர் காம்பவுண்டை, அதாவது டயரின் ரப்பர் கலவையை. பிரேக் பிடிப்பது, திரும்புவது, ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது என்று கார் செய்யும் எல்லாமே டயர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. 100 குதிரைத்திறன் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் தெரியும். டயரை ஒரு படி ஏற்றினால் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

கிரான் டூரிஸ்மோ 7-ல் தார்ச்சாலை டயர்கள் கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என்று மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட். ஆக ஒன்பது படிகள். மழைக்கு இன்டர்மீடியட், ஹெவி வெட்; மண்ணுக்கும் பனிக்கும் தனி டயர்கள். ஸ்போர்ட்ஸ் ஹார்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் சாஃப்டுக்குப் போனாலே பிரேக் பிடிக்கும் இடம் வளைவுக்கு நெருக்கமாக நகர்ந்துவிடும்.

அப்படியென்றால் எல்லாக் காருக்கும் ரேஸிங் சாஃப்ட் போட்டுவிடலாமே?

போடலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. கிரான் டூரிஸ்மோவில் டயர் ஏற ஏற பிபி எண்ணும் (காரின் திறனுக்குக் கேம் தரும் மதிப்பெண்) ஏறும். பந்தயத்துக்கு 600 பிபி வரம்பு என்றால், ரேஸிங் சாஃப்ட் போட்ட காருக்கு இன்ஜின் சக்தியைக் குறைத்தோ எடை ஏற்றியோதான் உள்ளே நுழைய முடியும். ஃபோர்ஸாவிலும் இதே கதை. அங்கே அந்த மதிப்பெண்ணின் பெயர் பிஐ, அதை வைத்துத்தான் கார்களைக் கிளாஸ்களாகப் பிரிப்பார்கள்; ஏ கிளாஸின் உச்சம் 800 பிஐ. ஸ்லிக் டயருக்கே (கோடுகள் இல்லாத வழவழப்பான பந்தய டயர்) பெரும்பங்கு போய்விட்டால் இன்ஜினுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இதைத் தீர்மானிப்பது டிராக்தான். சுகுபா மாதிரி 2 கிலோமீட்டரில் வளைவுக்கு மேல் வளைவு வரும் இடத்தில் டயர் வெல்லும். சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் வளைவு) இல்லாத லெமான் டிராக்கில், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் உங்கள் ஸ்லிக் டயரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு எதிராளி போய்விடுவார். நீண்ட பந்தயத்தில் தேய்மானமும் சேரும். சாஃப்ட் வேகமாகத் தேயும். டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப் ஒன்று கூடினால் சுற்றுக்குச் சுற்று சேமித்த நேரமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்று, இது என் சொந்த ருசி. புதிதாகக் கற்பவர்கள் கம்ஃபர்ட் டயரில் ஓட்டிப் பழகுவது நல்லது. அந்த டயர் பிடியை விடுவதற்கு முன் சத்தம் போட்டு, மெதுவாக வழுக்கி, எச்சரித்துவிட்டுத்தான் விடும். டொயோட்டா 86 என்ற கார் 2012-ல் வந்தபோது 215/45 ஆர் 17 அளவில் மிஷலின் பிரைமசி எச்பி டயரோடு வந்தது. பிரியஸ் ஹைபிரிட் காருக்கும் கொடுக்கப்பட்ட டயர் அது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது என்ன டயர் என்று கேட்டவர்கள் உண்டு. குறைந்த வேகத்திலேயே காரை வழுக்க வைத்து விளையாட வேண்டும் என்பதுதான் நோக்கம். கிரான் டூரிஸ்மோ 7-ல் அந்த 86-ஐ எடுத்துக் கம்ஃபர்ட் டயரோடு ஓட்டிப் பாருங்கள், நோக்கம் புரிந்துவிடும்.

205/55 ஆர் 16 என்று போட்டிருக்கிறதே, இதை எப்படிப் படிப்பது?

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். (ஒரே அளவில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றும் கலந்து கிடக்கிறது. யார் யோசனையோ!)

கணக்குப் போட்டால், பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி ரிம்மின் 406 மி.மீ.யோடு கூட்டினால் மொத்த விட்டம் 632 மி.மீ. இதே காருக்கு 225/45 ஆர் 17 போட்டால் 634 மி.மீ. 225/40 ஆர் 18 போட்டால் 637 மி.மீ. ரிம் இரண்டு இஞ்ச் பெரிதாகியும் மொத்த உயரம் ஒரு சதவீதம்கூட மாறவில்லை. குறைந்தது பக்கச்சுவர் மட்டும்தான்.

பெரிய ரிம் போட்டால் கார் நன்றாகத் திரும்புமா?

திருப்பத்தின் முதல் நொடியில் வித்தியாசம் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் உடனே பக்கவாட்டு விசையைத் தருவதில்லை. முதலில் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்ள வேண்டும், டயர் கொஞ்சம் உருள வேண்டும், அதன் பிறகுதான் முழு விசை வரும். சுவர் உயரமாக இருந்தால் தடிமனான பஞ்சுச் செருப்பு போட்டுக்கொண்டு கபடி ஆடுவது மாதிரி, உடம்பு ஒரு பக்கம் போகும், கால் கொஞ்சம் தாமதமாக வரும். சுவர் குட்டையானால் அந்தத் தாமதம் குறையும்.

ஆனால் பெரிய ரிம் கனமானது. அந்தக் கனம் சுழலும் கனம், அதுவும் மையத்திலிருந்து தள்ளி இருக்கும் கனம். கார் முடுக்கம் எடுக்கும்போது அந்த எடையை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். 18 இஞ்ச் ரிம்மின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை காருக்குள் வைத்த ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். டயரின் மேல்தோலில் கூடினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பிரேக் பிடிக்கும்போதும் இதே தண்டனை. போதாக்குறைக்கு, ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடுவதால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

நிஜ உலகிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்கே8 மாடலில் 245/30 ஆர் 20 டயர். அடுத்து வந்த எஃப்எல்5 மாடலில் 265/30 ஆர் 19. ரிம்மை ஒரு இஞ்ச் குறைத்து, டயரை 20 மி.மீ. அகலமாக்கினார்கள். கேமில் ரிம் அளவை உச்சத்துக்குத் தள்ளுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிம் டிசைன் மாற்றினால் ஏதாவது ஆகுமா, அழகுக்கு மட்டும்தானா?

ஃபோர்ஸா ஹொரைசன் 5-ல் ஒவ்வொரு ரிம்முக்கும் எடை உண்டு. பட்டியலில் நகரும்போதே காரின் எடை மாறுவது தெரியும். கிளாஸ் வரம்புக்கு ஓரிரு பிஐ மட்டும் இடிக்கும்போது ரிம்மை மாற்றி உள்ளே பொருத்துவது அங்கே பழைய வித்தை. அதனால் அழகான ரிம் ஒன்று பிடித்துப்போனால், எடை கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்குங்கள். கிரான் டூரிஸ்மோ 7-ல் வீல்கள் ஜிடி ஆட்டோ என்ற கடையில், பெயின்டுக்கும் ஸ்டிக்கருக்கும் பக்கத்தில் கிடைக்கின்றன. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பிபி எண்ணைப் பாருங்கள்.

முன் டயரை அகலப்படுத்துவதா, பின் டயரையா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கார் வளைவில் நினைத்த கோட்டைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனால் அது அண்டர்ஸ்டியர்: முன் டயர்கள் முதலில் தோற்கின்றன. பின்பக்கம் வீசிக்கொண்டு வந்தால் ஓவர்ஸ்டியர்: பின் டயர்கள் முதலில் தோற்கின்றன. முன் டயரை அகலமாக்கினால் கார் ஓவர்ஸ்டியர் பக்கம் நகரும். பின் டயரை அகலமாக்கினால் அண்டர்ஸ்டியர் பக்கம் நகரும். பின்சக்கர இழுவைக் காரில் இத்துடன் வளைவிலிருந்து வெளியேறும்போது சக்கரம் வெறுமனே சுழல்வதும் குறையும்.

பலரும் செய்வது என்ன? 600 குதிரைத்திறன் ஏற்றிவிட்டு, பின்பக்கம் வழுக்குகிறதே என்று பின் டயரை மட்டும் உச்சத்துக்கு அகலமாக்குவார்கள். வழுக்குவது நிற்கும், கூடவே கார் திரும்புவதும் நிற்கும். முன்பக்கத்தை ஒரு படியாவது சேர்த்து ஏற்றியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கார் கம்பெனிகள் எதை எங்கே போடுகின்றன என்று பார்த்தால் தெளிவாகிவிடும். போர்ஷே 911 கரேரா எஸ், 992 மாடலில், முன்னால் 245, பின்னால் 305. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, இழுவையும் பின்சக்கரத்தில், அதனால் பின் டயருக்கு 60 மி.மீ. கூடுதல். ஆடி ஆர்எஸ்3-ன் புதிய மாடலில் தலைகீழ்: முன்னால் 265, பின்னால் 245. இன்ஜின் முன் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சும்மா விட்டால் முன்பக்கம் வெளியே தள்ளும், அதனால் முன்னால் அகலம். டொயோட்டா 86-ல் நாலும் ஒரே அளவு.

ஆகவே முன்சக்கர இழுவைக் காருக்கு முன் டயரில் செலவு செய்யுங்கள். பாவம், அந்த இரண்டு டயர்களே திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், பிரேக்கில் பெரும்பங்கையும் சுமக்க வேண்டும். கிரான் டூரிஸ்மோ 7-ல் அகலத்துக்குப் பதில் காம்பவுண்டாலேயே இதைச் செய்யலாம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட அது விடும். முன்னால் ஸ்போர்ட்ஸ் சாஃப்ட், பின்னால் ஸ்போர்ட்ஸ் மீடியம் போட்டால் மந்தமான முன்சக்கரக் கார்கூட உயிர் பெறும்.

அகல டயர் என்றால் தரையில் படும் பரப்பு கூடுகிறது, அதனால்தான் பிடிமானம் கூடுகிறதா?

பாதிதான் சரி. தரையில் படும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது டயர் மேல் உள்ள சுமையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும். அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பு குட்டையாகி, அகலமாக விரிகிறது. அப்படி விரியும்போது டயர் சூட்டைத் தாங்குகிறது. பக்கவாட்டு விசைக்கும் சீக்கிரம் பதில் சொல்கிறது.

இதன் அடியில் ஒரு முக்கியமான குணம் இருக்கிறது. டயர் மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். வளைவில் சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது; வெளிப்பக்கம் பெறுவதைவிட உள்பக்கம் இழப்பது அதிகம். பெரிய டயர் இந்த இழப்பைச் சற்றுக் குறைக்கிறது. பந்தயக் கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவதும் இதே கணக்குக்காகத்தான்.

டிராக் விட்த் என்று ஒன்று இருக்கிறதே, வீலை வெளியே தள்ளுவது? அதனால் லாபம் உண்டா?

உண்டு, சிறிதளவு. 1,400 கிலோ எடை, ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜி விசையில் (காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை) திரும்பினால் சுமார் 467 கிலோ சுமை உள்ளிருந்து வெளிப்பக்கம் போகிறது. சக்கரங்களைப் பக்கத்துக்கு 3 செ.மீ. வெளியே தள்ளினால் அது 449 கிலோவாகக் குறையும், ஏறக்குறைய 4 சதவீதம். முன்பக்கம் மட்டும் அகலப்படுத்தினால் முன் பிடிமானம் மட்டும் கொஞ்சம் கூடும். ஃபோர்ஸாவில் டயர் அகலத்துக்குப் பிறகு நான் தொடுவது இதைத்தான்.

டயர் மாற்றிய பிறகு கியர் இழுவை குறைந்த மாதிரி இருக்கிறது. பிரமையா?

மொத்த விட்டம் கூடியிருந்தால் பிரமை இல்லை. சக்கரம் 3 சதவீதம் பெரிதானால், எல்லாக் கியரும் 3 சதவீதம் நீளமாகிவிடும். உச்ச வேகம் கூடலாம், இழுவை குறையும். ஃபைனல் டிரைவ் எண்ணை (எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசிப் பல்விகிதம்) அதே சதவீதம் உயர்த்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்: 4.10 இருந்தால் 4.22. ஃபோர்ஸாவில் இதை மாற்ற அதற்கான கியர்பாக்ஸ் வாங்கியிருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தை எவ்வளவு வைப்பது?

முதலில், கிரான் டூரிஸ்மோ 7-ல் காற்றழுத்தம் மாற்றும் வசதியே இல்லை. தேடி அலைய வேண்டாம்.

ஃபோர்ஸாவில் எந்தப் பாகமும் வாங்காமலேயே மாற்றலாம். மெனுவில் நீங்கள் வைப்பது குளிர்ந்த டயரின் அழுத்தம். ஓடிச் சூடானதும் அது ஏறும். டெலிமெட்ரியை (ஓடும் காரின் அளவீடுகளைக் காட்டும் திரை) திறந்து, இரண்டு சுற்று ஓடிய பின் உள்ள எண்ணைப் பாருங்கள். 30-லிருந்து 34 பிஎஸ்ஐ வரை தொடங்குவதற்கு நல்ல இடம். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றுக்கும் வெப்பம் தனித்தனியாகக் காட்டும். நடு மட்டும் அதிகம் சூடானால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் சூடாகி நடு குளிர்ந்தால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் கொதித்தால் பிரச்சினை கேம்பரில் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), காற்றில் அல்ல.

அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனில் இது தனிப் பாடம். அங்கே ஜிடி3 கார்களில் ரிம்மும் டயர் அளவும் மாற்ற முடியாது, அழுத்தம்தான் உங்கள் கையில் உள்ள டயர். 1.9 பதிப்புக்குப் பிறகு, உலர்ந்த டிராக்கில் சூடான டயர் 26-லிருந்து 27 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். வெளி வெப்பம் ஒரு டிகிரி மாறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ மாறும். காலையில் செட் பண்ணியதை மதியப் பந்தயத்துக்கு அப்படியே எடுத்துப் போனவர்கள் முதல் ஸ்டின்டிலேயே (முதல் பிட் ஸ்டாப் வரை ஓடும் பகுதி) அதைக் கண்டுகொள்வார்கள்.

நல்ல டயர் போட்டும் கார் முன்னைவிட மோசமாக ஓடுகிறதே?

நிறைய பேர் கேட்பது இது. டயர் மட்டும் மாறியது, மற்றதெல்லாம் பழைய டயருக்காகச் செய்தது, அதுதான் சிக்கல்.

பிடிமானம் கூடியதால் கார் வளைவில் இன்னும் அதிக விசையோடு சாய்கிறது. மெத்தென்ற ஸ்பிரிங் அந்தச் சாய்வைத் தாங்காது. சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கிப்போனால் அந்த நொடியில் பிடிமானம் விட்டுப்போகும். ஸ்பிரிங்கையும் ஆன்டி ரோல் பாரையும் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சற்று இறுக்குங்கள். அதிகம் சாய்வதால் வெளிப்பக்க டயர் தன் வெளிவிளிம்பில் நிற்கும், அதற்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) கொஞ்சம் கூட்ட வேண்டும். பிரேக்கையும் பாருங்கள். பழைய டயரை லாக் செய்ய (சுழலாமல் நிறுத்த) போதுமாயிருந்த பிரேக், புது டயரின் முழுப் பிடியையும் பயன்படுத்தப் போதாமல் இருக்கலாம்.

இன்னொரு காரணம் ஓட்டுபவரிடம் இருக்கிறது. சாதா டயர் பெரிய வழுக்கல் கோணத்திலும் (சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் உள்ள கோணம்) ஓரளவு பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்லிக் சிறிய கோணத்திலேயே உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டினால் சட்டென்று விட்டுவிடும். கம்ஃபர்ட் டயரில் பழகிய கை ஸ்டியரிங்கை அதிகம் திருப்பும். ஸ்லிக்கில் அந்தக் கூடுதல் திருப்பு டயரைச் சூடாக்கும், வேகத்தைத் தின்னும், அவ்வளவுதான். குறைவாகத் திருப்பிப் பாருங்கள்.

பனியிலும் மண்ணிலும் அகல டயர் நல்லதா?

அங்கே கணக்கு மாறும். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் தார்ச்சாலைக்கு 18 இஞ்ச் வீல், மண்ணுக்கும் பனிக்கும் 15 இஞ்ச். சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர்: கல்லில் மோதினாலும் தாங்கும். ஸ்வீடன் ராலியில் ஆணி பதித்த ஒல்லியான டயர். பனியைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள உறைந்த தரையைப் பிடிக்க ஒல்லிதான் வசதி. ஃபோர்ஸாவில் காட்டுவழிப் பந்தயத்துக்கு ராலி அல்லது ஆஃப்ரோடு காம்பவுண்டு போட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

இதெல்லாம் கேமில் நிஜமாகவே கணக்கிடப்படுகிறதா?

கேமுக்குக் கேம் வேறுபடும். டயரின் நடத்தையைச் சமன்பாட்டில் அடக்க நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்கா 1980-களில் கூட்டாளிகளோடு உருவாக்கிய ஒன்று உண்டு. 'மேஜிக் ஃபார்முலா' என்றே பெயர். இயற்பியலிலிருந்து வராமல், சோதனையில் அளந்த வளைகோட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால் வந்த பெயர். பல சிமுலேட்டர்கள் அதன் வழியிலோ அதைத் தழுவியோ வந்தவை. 2023-ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டில் ஒரு டயர் தரையை எட்டுப் புள்ளிகளில் தொடுவதாக, நொடிக்கு 360 முறை கணக்கிடப்படுகிறது. முந்தைய பாகத்தில் ஒரே புள்ளி, நொடிக்கு 60 முறை. டிராக் ஓரத்துக் கர்ப் மேட்டின் மேல் ஏறும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும். அசெட்டோ கோர்ஸாவில் டயர் விவரமெல்லாம் தனிக் கோப்பில் இருக்கும். ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் மாட் கார்களில் சிலது மாயமாய்ப் பிடிப்பதும், சிலது சோப்புத் தரையில் ஓடுவதும் அந்தக் கோப்பை எழுதியவர் கைவண்ணம்.

எஃப்1 கேம்களில் ஏன் வீல் மாற்ற முடிவதில்லை?

விதி அப்படி. எல்லோருக்கும் ஒரே பைரெல்லி, ஒரே அளவு. 2022-ல் ரிம் 13 இஞ்சிலிருந்து 18 இஞ்சுக்கு மாறியது, அந்த ஆண்டின் கேமும் அதைப் பின்பற்றியது. உங்கள் கையில் இருப்பது காம்பவுண்டுத் தேர்வும் காற்றழுத்தமும்தான்.

டயர் கம்பெனிகள் போட்டி போட்ட காலமும் ஒன்று இருந்தது. 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில் மிஷலின் டயர்கள் இண்டியனாபொலிஸ் சாய்வுத்தளத்தைத் தாங்காது என்று அந்த அணிகளெல்லாம் விலகிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணியிலிருந்த நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து புள்ளி வாங்கியது அந்தப் பந்தயத்தில்தான்.

மாற்றியது நல்லதா கெட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வளைவும் நேர்ச்சாலையும் கலந்த, உங்களுக்கு மனப்பாடமான டிராக் ஒன்றை எடுங்கள். முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், டயர் குளிர்ந்திருக்கும். மிக வேகமான ஒரு சுற்றைவிட, அடுத்தடுத்த சில சுற்றுகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்று பாருங்கள். உங்கள் பழைய சுற்றின் நிழல் காரை ஓடவிட்டால், எந்த வளைவில் நெருங்குகிறீர்கள், எங்கே நழுவுகிறீர்கள் என்பது கண்ணுக்கே தெரியும். வளைவின் நுழைவில் லாபம் என்றால் முன் டயர், வெளியேறும்போது என்றால் பின் டயர், நேர்ச்சாலையில் மட்டும் என்றால் எடையோ கியரோ.